ஒரு தரவு, பல கட்டுரைகள்

வட ஐரோப்பியர்கள் தென் ஐரோப்பியர்களைவிடச் சராசரியாக உயரமானவர்கள். இதற்கு இயற்கைத் தேர்வும் ஒரு காரணமா என்ற கேள்விக்கு, 2012 தொடங்கி அடுத்தடுத்து வந்த ஆய்வுக்கட்டுரைகள் ‘ஆம்’ என்றே பதில் சொல்லின. உயரத்தைக் கூட்டும் மரபணு மாறுபாடுகள் வடக்கே அதிகம், தெற்கே குறைவு; தற்செயலாக இவ்வளவு ஒழுங்காக அமைய வாய்ப்பில்லை; ஆகவே தேர்வு நடந்திருக்கிறது. வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு புள்ளியியல் முறைகள், ஆனால் ஒரே விடை. 2016-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, பிரிட்டன் மக்களிடம் கடந்த 2,000 ஆண்டுகளுக்குள்ளேயே உயரத்தின் மேல் தேர்வு நடந்த தடயம் இருப்பதாகச் சொன்னது. அந்த ஆண்டு இந்தத் துறையைத் தொகுத்து எழுதப் போயிருந்தால், பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் ஒரு மனிதப் பண்பில் தேர்வு நடந்ததற்கு இதைவிட உறுதியான சான்று இல்லை என்றுதான் எவரும் எழுதியிருப்பார்.

2019 மார்ச்சில் இ-லைஃப் இதழில் இரண்டு கட்டுரைகள் சேர்ந்து வெளிவந்தன. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் மரபணு, உடல்நலத் தகவல்களைத் திரட்டிவைத்திருக்கும் யூகே பயோபேங்க்கின் தரவை வைத்து அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்திருந்தார்கள். தடயம் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது.

எப்படிக் கரைந்தது என்பதை நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் நான் சொல்ல வந்தது முழுக்க அதில்தான் இருக்கிறது. உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றோ இரண்டோ அல்ல. மரபணுத்தொகை நெடுகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில், உயரத்தைக் கூட்டியோ குறைத்தோ வைக்கின்றன. எந்த இடம் எவ்வளவு கூட்டுகிறது என்பதை லட்சக்கணக்கானவர்களின் டிஎன்ஏவையும் உயரத்தையும் ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் நுழைகிறது. வடக்கே இருப்பவர்கள் உணவு, சுகாதாரம் போன்ற காரணங்களால் உயரமாக வளர்ந்திருக்கலாம். அதே வடக்கில் ஏதோ ஒரு மரபணு மாறுபாடு தற்செயலாகச் சற்று அதிகம் பரவியிருக்கலாம். அந்த மாறுபாட்டுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், கணக்கில் அது உயரத்தைக் கூட்டுவதாகவே தெரியும். ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இந்தக் கலப்பை நீக்கப் புள்ளியியல் வழிகள் உண்டு, அவற்றைப் பயன்படுத்தியும் இருந்தார்கள். இருந்தாலும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளி மிச்சம் நின்றது. ஒரு தராசு இம்மியளவு சாய்ந்திருந்தால் ஒரு பொருளை நிறுக்கும்போது அது கண்ணுக்குப் படாது. ஆயிரம் பொருட்களை நிறுத்துக் கூட்டினால் கணக்கு எங்கோ போய் நிற்கும். பல மரபணுப் பண்புகளின் மேல் நடந்த தேர்வைத் தேடும் முறை, அந்த ஆயிரத்தையும் கூட்டுகிற முறை.

முந்தைய கட்டுரைகளில் பெரும்பாலானவை, எந்த இடம் உயரத்தை எவ்வளவு கூட்டுகிறது என்ற எண்களை ஒரே மூலத்திலிருந்து எடுத்திருந்தன. அது ஜயன்ட் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் தொகுப்பு. பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே திரட்டியதைச் சேர்த்த அந்தத் தொகுப்பின் 2014 பதிப்பில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள். யூகே பயோபேங்க்கிலோ ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், ஒரே நாட்டில், ஒரே விதமாகத் திரட்டப்பட்டவர்கள். அதனால் வடக்கு தெற்கு என்ற கலப்பு அங்கே மிகக் குறைவு. ஆக, முன்பு ‘ஆம்’ என்று சொன்ன கட்டுரைகள் பலவாக இருந்தாலும் சாட்சி ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒரு சாட்சியின் பிசகை எல்லோரும் ஒன்றுபோல வழிமொழிந்திருந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 2019 கட்டுரைகளில் ஒன்றை எழுதியவர்களுள் ஜோனதன் பிரிட்சார்டும் கிரஹாம் கூப்பும் இருக்கிறார்கள். முதல் அலையில் ‘ஆம்’ என்று சொன்ன ஆய்வுகளில் பங்குகொண்டவர்கள் இவர்கள். புதிய தரவு கைக்கு வந்ததும் தங்கள் முடிவையே எடுத்துச் சோதித்து, அது நிற்கவில்லை என்று தாங்களே அச்சில் போட்டார்கள். அறிவியலின் மேல் நான் வைத்திருக்கும் மரியாதைக்கு இந்த மாதிரி நிகழ்வுகளே காரணம். கண்டுபிடிப்புச் செய்திகள் எனக்கு அதற்குப் பிறகுதான்.

பரிணாம உயிரியலில் புதிதாக வரும் ஆய்வுகளைப் படித்துச் சுருக்கி எழுதுவது எனக்கு நெடுநாள் பழக்கம். எத்தனை கட்டுரைகள் ஒரு கருத்தை ஆதரிக்கின்றன என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை என்றே நினைக்கிறேன். அவை எத்தனை தனித்தனித் தரவுகளின் மேல் நிற்கின்றன என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். சொல்ல எளிது. ஆனால் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படித்தால் இது ஒருபோதும் தெரியவராது. அதனால் நான் படிக்கும் வரிசையே கொஞ்சம் தலைகீழ். சுருக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு நேராகப் படங்களுக்கும் அவற்றின் கீழே உள்ள விளக்கங்களுக்கும் போவேன். அங்கிருந்து ஆய்வுமுறைப் பகுதி, அதிலும் தரவு எங்கிருந்து வந்தது என்ற பத்தி. பிறகு இணைப்புக் கோப்பு. விவாதப் பகுதியைக் கடைசியில்தான் தொடுவேன். ஆசிரியர்கள் தங்கள் முடிவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது முக்கியம்தான், ஆனால் அதை முதலிலேயே படித்துவிட்டால் படங்களை அவர்கள் கண்ணால்தான் பார்ப்போம்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-ல் நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன் இதழில் லூகாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பாக்டீரியா, ஆர்க்கியா என்ற இன்னொரு நுண்ணுயிர்ப் பிரிவு, நாம் என்று இன்று உயிரோடிருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவான கடைசி மூதாதைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் லூகா. அது 420 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்று செய்திகள் எல்லாம் சொல்லின. கட்டுரையில் இருப்பது 409 முதல் 433 கோடி வரையிலான ஒரு வீச்சு. இருபத்துநான்கு கோடி ஆண்டு அகலமுள்ள அந்த வீச்சை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. பூமியின் வயதே சுமார் 454 கோடி ஆண்டு என்னும்போது, அந்த வீச்சின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே பூமியின் நிலை நிறையவே மாறியிருக்கும்.

அதைவிடச் சுவாரசியமானது அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பது. நானூறு கோடி ஆண்டுக்கு முந்தைய நுண்ணுயிருக்குப் புதைபடிவம் கிடையாது. மரபணு வரிசைகள் எவ்வளவு வேறுபட்டிருக்கின்றன என்பதை மட்டும் வைத்துக் காலம் கணித்தால், மரத்தின் வேருக்குப் போகப் போகப் பிடிமானம் தளர்ந்துகொண்டே போகும். இவர்கள் பிடித்த வழி அழகானது. லூகாவுக்கும் முன்பே இரட்டித்துவிட்ட மரபணுக்கள் சில உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறை உண்டாக்கும் நொதியின் இரு துணைப் பகுதிகள் அப்படி ஒரு ஜோடி. ஒரு மூல மரபணு இரண்டாகி, அந்த இரண்டும் லூகாவிடம் இருந்து, லூகாவின் வழித்தோன்றல்கள் எல்லாவற்றுக்கும் இரண்டும் போய்ச் சேர்ந்தன. இப்படி ஒரு ஜோடிக்குக் குடிவழி மரம் வரைந்தால், அதே உயிரினங்களின் அதே கிளைப்பிரிவுகள் மரத்தில் இரண்டு முறை வரும், லூகாவும் இரண்டு முறை வரும். ஒரு புதைபடிவம் ஒரு கிளைக்கு வயது தந்தால் அதே வயதை இன்னொரு பக்கத்திலும் பொருத்தலாம். வேரும் லூகாவுக்கு முந்தைய இரட்டிப்புக்குத் தள்ளிப்போய்விடுவதால், லூகா மரத்தின் நடுவில், இரு பக்கமும் பிடித்து நிறுத்தப்பட்ட நிலையில் இருக்கும். இந்த ஒரு பத்தி என் சுருக்கத்தில் இடம்பெற வேண்டும் என்பேன். இது இருந்தால்தான் 420 கோடி என்ற எண்ணை வாசகர் எடைபோட முடியும். எந்த ஜோடிகளைத் தேர்ந்தார்கள், எந்தப் புதைபடிவங்களை நம்பினார்கள், பழமைக்கு எல்லையாக எதை வைத்தார்கள் என்று கேட்க முடியும். நிலவு உருவாகக் காரணமான பெருமோதலைத்தான் அந்த எல்லையாக வைத்திருக்கிறார்கள். அந்த மோதலைத் தாண்டி உயிர் எதுவும் பிழைத்திருக்காது என்பது அதன் அடிப்படை.

இதே லூகாவுக்கு 2016-ல் நேச்சர் மைக்ரோபயாலஜி இதழில் வந்த ஆய்வு 355 புரதக் குடும்பங்களைக் கொடுத்தது. 2024 கட்டுரை சுமார் 2,600 புரதங்கள் என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, எட்டு ஆண்டுகளில் எண் ஏழு மடங்காகிவிட்டது, விஞ்ஞானிகள் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது அபத்தம். 2016-ல் கேட்டது: இடையில் பெற்றோர் வழியாக அல்லாமல் வேறோர் உயிரினத்திடமிருந்து பக்கவாட்டில் கைமாறியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் தராமல் எவற்றை லூகா வரை கொண்டுபோக முடியும்? அறுபது லட்சம் மரபணுக்களைக் கடுமையான வடிகட்டியில் போட்டு மிஞ்சியதுதான் 355. 2024-ல் கேட்டது: பக்கவாட்டுக் கைமாற்றத்தையும் இழப்பையும் கணக்கில் சேர்த்தால், ஒவ்வொரு குடும்பமும் லூகாவிடம் இருந்ததற்கான நிகழ்தகவு என்ன, மொத்தத்தில் அதன் மரபணுத்தொகை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்? கேள்வியே வேறு. விடைகள் மோதிக்கொள்வதுபோலத் தெரியும் இடத்திலெல்லாம் நான் முதலில் பார்ப்பது கேள்விகள் ஒன்றுதானா என்பதை. பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி தீராது. 2022 ஜனவரியில் நேச்சரில் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மரபணுக்களுக்கு வெளியே உள்ள பகுதிகளைவிட மரபணுக்களுக்குள் பிறழ்வுகள், அதாவது டிஎன்ஏவில் நேரும் மாற்றங்கள், 58 சதவீதம் குறைவாகவும், இன்றியமையாத மரபணுக்களில் பிற மரபணுக்களைவிட 37 சதவீதம் குறைவாகவும் நிகழ்கின்றன என்பது அதன் வாதம். பிறழ்வுகள் தற்செயலானவை அல்ல, பாடப்புத்தகத்தை மாற்ற வேண்டும் என்று உலகம் முழுக்கத் தலைப்புகள் வந்தன. இங்கே இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். பிறழ்வு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பது பழைய செய்தி. உயிரினத்தின் தேவை அறிந்து பிறழ்வு வருகிறது என்பது முற்றிலும் வேறு கூற்று, அதை அந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. அது சொன்னது, பாதுகாக்க வேண்டிய பகுதிகளில் பிறழ்வு வீதமே குறையும்படி பரிணாமம் ஏற்பாடு செய்திருக்கிறது என்பதை.

2023-ல் அதே நேச்சரில் மறுப்பு வந்தது. கணக்கில் சேர்த்த பிறழ்வுகளில் கணிசமானவை உண்மையான பிறழ்வுகளாக இல்லாமல் டிஎன்ஏவை வாசிக்கும் வரிசைப்படுத்தலில் நேர்ந்த பிழைகளாக இருக்கலாம், நம்பகமான பிறழ்வுகளை மட்டும் எடுத்தால் வித்தியாசம் நிற்கவில்லை என்பது மறுத்தவர்களின் வாதம். மூல ஆசிரியர்களின் பதிலும் அதனுடன் வெளியானது. அவர்கள் தங்கள் முடிவில் நிற்கிறார்கள். நான் இதைச் சுருக்கி எழுதினால் மூன்றையும் சேர்த்துத்தான் எழுதுவேன். 2022 கட்டுரை மட்டும் இன்னும் எத்தனையோ இடங்களில் தனியாக மேற்கோள் காட்டப்படுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மறுப்பைத் தேடுவது பெரிய வேலை இல்லை. இதழின் பக்கத்திலேயே இணைப்பு இருக்கும். கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து அண்மைக்கால வரிசையில் பார்த்தாலும் அகப்படும். எதையும் எழுத உட்காரும் முன் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கறுப்பு அந்துப்பூச்சியின் கதை எல்லோருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறோம். பிஸ்டன் பெட்டுலேரியா என்ற வெளிர்நிறப் பூச்சியில் கறுப்பு வடிவம் மான்செஸ்டரில் 1848-ல் பதிவானது. நிலக்கரிப் புகை மரங்களைக் கறுப்பாக்க, நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கே கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பாகிவிட்டன. எந்த நிறப் பூச்சியைப் பறவைகள் அதிகம் பிடித்துத் தின்கின்றன என்று பார்க்க 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளின் செய்முறையைப் பிற்பாடு பலர் குறைசொன்னார்கள். மைக்கேல் மஜெரஸ் கேம்பிரிட்ஜில் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளை விட்டு, முறையாக மறுபடி செய்தார். காற்று தெளிந்த காலத்தில் கறுப்புப் பூச்சிகளே பறவைகளிடம் அதிகம் சிக்கின. அதைக் கட்டுரையாக்கும் முன் 2009-ல் அவர் காலமானார். சக ஆய்வாளர்கள் நால்வர் அந்தத் தரவை எடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். பரிணாம உயிரியலில் நான் மதிக்கும் காரியங்களில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு.

கதையின் மரபணுப் பகுதி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2016-ல் நேச்சரில் வந்த ஆய்வு, கறுப்பு நிறத்துக்குக் காரணம் கார்டெக்ஸ் என்ற மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதிக்குள்) புகுந்துகொண்ட, ஏறக்குறைய 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் மரபணுத் துண்டு என்று காட்டியது. அது புகுந்த காலத்தை 1819 வாக்கில் என்று மதிப்பிட்டது. அதே இதழில் ஹெலிகோனியஸ் வண்ணத்துப்பூச்சிகளின் இறக்கை வண்ணமும் அதே கார்டெக்ஸ் பகுதியைச் சுட்டியது. கார்டெக்ஸ்தான் நிற மரபணு என்று எல்லோரும் எழுதத் தொடங்கினோம். அதில் ஒரு நெருடல் இருந்தது. கார்டெக்ஸ் குடும்பத்துப் புரதங்கள் செல் பிரிதலில் வேலை செய்பவை. நிறத்துக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்பது துலங்கவில்லை.

2024-ல் விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அதே பகுதியில், புரதம் எதையும் உண்டாக்காத ஒரு நீண்ட ஆர்என்ஏவும் படியெடுக்கப்படுகிறது. அதற்கு ஐவரி என்று பெயரிட்டார்கள். ஐந்து வகை வண்ணத்துப்பூச்சிகளில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு ஐவரியைக் குலைத்தபோது கறுப்புச் செதில்கள் வெள்ளையாகவோ வெளிறியோ போயின. வனெஸ்ஸா கார்டுயி என்ற பூச்சியில் கார்டெக்ஸ் புரதத்தை மட்டும் முழுக்கச் செயலிழக்கச் செய்தபோது இறக்கையில் எந்த மாற்றமும் இல்லை. அந்த இரண்டாம் சோதனைதான் தீர்ப்பு. முதலாவது மட்டும் இருந்திருந்தால் இரண்டுமே காரணமாக இருக்கலாம் என்று சொல்ல இடம் இருந்திருக்கும். அதே ஆண்டு சயின்ஸில் வந்த இன்னொரு ஆய்வு மேலும் ஒரு படி போனது. ஐவரியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் மிகச் சிறிய மைக்ரோ ஆர்என்ஏ ஒன்று, மிர்-193, நிறத்தைத் தீர்மானிக்கும் வேலையைச் செய்கிறது என்று பைசைக்ளஸ் அனினானா என்ற பூச்சியில் காட்டியது.

ஆக, 2016-ல் எழுதியதில் எது நிற்கிறது? தாவும் துண்டு புகுந்த இடம் நிற்கிறது. அதன் நீளம் நிற்கிறது. அந்த இடத்துக்குப் பக்கத்து மரபணுவின் பெயரை ஒட்டிவைத்ததுதான் ஆட்டம் கண்டது. மரபணுத்தொகையில் ஒரு பகுதியை அடையாளம் காண்பதும், அந்தப் பகுதியில் எந்த மூலக்கூறு வேலை செய்கிறது என்று நிறுவுவதும் இரண்டு தனிச் சோதனைகள். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்லிவிடும் வாக்கியங்கள் இந்தத் துறையில் ஏராளம். ‘இந்தப் பண்புக்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்று பார்த்தால், தொடர்பு காட்டியிருக்கிறார்களா, குலைத்துப் பார்த்திருக்கிறார்களா என்று தேடுவேன். அந்த வேறுபாட்டை என் சுருக்கத்தில் ஒரு வரியாவது சொல்லாமல் விடமாட்டேன்.

தரவு ஒன்றாகவே இருந்து, கேள்வியும் ஒன்றாகவே இருந்தால் விடையும் ஒன்றாக இருக்குமா? இதற்கும் சோதனை நடந்திருக்கிறது. 2025-ல் பிஎம்சி பயாலஜி இதழில் வெளியான ஆய்வு அது. சூழலியல், பரிணாம உயிரியல் துறைகளைச் சேர்ந்த 174 குழுக்கள், மொத்தம் 246 பேர். ஒரு பகுதியினருக்குப் ப்ளூ டிட் என்ற சிறு பறவையின் தரவு: கூட்டில் உடன்பிறப்புகள் அதிகமானால் குஞ்சின் வளர்ச்சி எவ்வளவு பாதிக்கப்படுகிறது? மற்றவர்களுக்கு யூகலிப்டஸ் தரவு: புல் மூடிய இடத்தில் கன்றுகள் முளைத்து நிலைப்பது கூடுகிறதா, குறைகிறதா? பறவையைப் பொறுத்தவரை பாதிப்பு உண்டு என்ற பக்கமே சராசரி நின்றது. ஆனால் அளவு, பெரிய பாதிப்பு என்பதிலிருந்து ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பது வரை இடைவெளியின்றிப் பரவியிருந்தது. யூகலிப்டஸில் சராசரி பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. ஒரு சில குழுக்கள் மட்டும் மிகத் தள்ளிப்போன விடைகளைக் கொடுத்திருந்தன.

அந்தக் கட்டுரையின் படங்களில், ஒவ்வொரு பகுப்பாய்வும் ஒரு புள்ளியாக, பக்கவாட்டில் ஒரு கோடுடன், கீழிருந்து மேலாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் தொலைவில் தொடங்கி மெல்ல மெல்ல நடுக்கோட்டைத் தொட்டு, சில புள்ளிகள் அதையும் தாண்டிப் போகின்றன. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் பயிற்சி பெற்ற ஓர் ஆய்வாளர், தன் தேர்வுகள் நியாயமானவை என்று நம்பிச் செய்தவர். சக ஆய்வாளர்களை வைத்து அந்தப் பகுப்பாய்வுகளை மதிப்பிடச் செய்தபோது, தள்ளிப்போன விடைகளைத் தந்தவை தரம் குறைந்தவை என்றும் தெரியவரவில்லை. சாதாரணமாக நம் கைக்கு வருவது இந்த அடுக்கில் ஒரே ஒரு புள்ளி. இதைப் பார்த்த பிறகு, ஒற்றைக் கட்டுரையின் விளைவு அளவை நான் எழுதும்போது ‘இந்தப் பகுப்பாய்வின்படி’ என்ற சொற்களைச் சேர்க்காமல் எழுதுவதில்லை.

மூலத் தரவு திறந்து கிடப்பதுதான் இதற்கெல்லாம் வழிவிடுகிறது. இந்த விஷயத்தில் பரிணாம உயிரியல் முன்னோடி என்று பெருமையாகவே சொல்லலாம். எவல்யூஷன், அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட், மாலிக்யூலர் எக்காலஜி போன்ற இதழ்கள் 2011-லிருந்தே தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தாக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தன. 2020-ல் சமூகச் சிலந்திகளின் நடத்தை பற்றிய சில கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரே எண்கள் தரவுக் கோப்பில் மறுபடி மறுபடி வந்திருந்ததைக் கண்டறிந்து அம்பலப்படுத்தியவர்களில், அந்தக் கட்டுரைகளின் இணை ஆசிரியரும் ஒருவர். தன் பெயர் உள்ள கட்டுரையைத் தானே திரும்பப் பெறக் கோருவதற்கு எவ்வளவு திடம் வேண்டும்!

எதிர்மறை முடிவுகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். ஆண் சீப்ரா ஃபிஞ்ச் பறவையின் காலில் சிவப்பு வளையம் மாட்டினால் பெண் பறவைகள் அதிகம் விரும்பும் என்பது 1980-களிலிருந்து பாடப்புத்தகச் செய்தி. 2018-ல் எவல்யூஷன் இதழில், பல சோதனைகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அப்படி ஒரு விளைவே இல்லை என்றார்கள். முதல் செய்தியைக் கேட்ட நூறு பேரில் இரண்டாவதைக் கேட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சுருக்கி எழுதுபவர்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை இந்த இடத்தில் இருக்கிறது.

முன்பதிப்புகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 2013-ல் தொடங்கிய பயோஆர்கைவ் தளத்தில் வருபவை சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தையவை. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆர்க்கியாக்களில் நமக்கு மிக நெருங்கிய ஆஸ்கார்ட் குழுவைச் சேர்ந்த உயிர் ஒன்றை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பாடுபட்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த செய்தி 2019-ல் முன்பதிப்பாகத்தான் வந்தது. நேச்சரில் வந்தது 2020-ல். முன்பதிப்பு என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, பின்னால் அச்சான வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அந்த ஒப்பீட்டில் மாறியிருக்கும் வாக்கியங்கள், மதிப்பீட்டாளர்கள் எங்கே கை வைத்தார்கள் என்பதைக் காட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு கட்டுரையை நொடியில் சுருக்கித் தருகின்றன. தேடலுக்கு அவை உதவும். ஆனால் இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, ஒரு கட்டுரையைக் கொடுத்தால் அந்தக் கட்டுரை தன்னைப் பற்றிச் சொல்வதையே அழகாகத் திருப்பிச் சொல்லிவிடுவது. உயரக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் நல்ல சுருக்கம் கிடைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தொகுப்பு கிடக்கிறதே என்ற சந்தேகம் கேட்பவருக்கு வர வேண்டும்.

கடைசியாக, இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் சுருக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பரில், அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களோடு நம் முன்னோர் கலந்த காலத்தைப் பற்றி இரண்டு கட்டுரைகள் ஒரே நேரத்தில் வந்தன. சயின்ஸில் வந்தது 50,500 முதல் 43,500 ஆண்டுகளுக்கு முன் என்கிறது. நேச்சரில் வந்தது 49,000 முதல் 45,000 என்கிறது. தனித்தனி ஆய்வுகள் ஒரே விடையில் சந்தித்தன என்று செய்திகள் எழுதின. முதலாவது, 45,000 ஆண்டு பழமையானவர் தொடங்கி நம் காலத்தவர் வரை 300-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத்தொகைகளைப் பார்த்தது. இரண்டாவது, ஜெர்மனியின் ரானிஸில் கிடைத்தவர்களையும் செக் நாட்டின் ஸ்லாட்டி கூனில் கிடைத்த பெண்ணையும் பார்த்தது. இவர்கள் எல்லாம் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். இந்த அளவில் தரவு வேறுதான், நல்ல விஷயம்.

ஆனால் தர்க்கம் ஒன்று. கலப்பு நடந்தபோது நீளமாக இருந்த நியாண்டர்தால் துண்டுகள் தலைமுறைக்குத் தலைமுறை மறுசேர்க்கையில், அதாவது தாய்வழி, தந்தைவழி டிஎன்ஏ துண்டுகள் இடம் மாற்றிக்கொள்ளும்போது, வெட்டுப்பட்டுச் சிறிதாகின்றன. எலும்புக்குரியவர் வாழ்ந்த காலத்தில் துண்டுகள் எவ்வளவு நீளம் என்று பார்த்து, எத்தனை தலைமுறைகளுக்கு முன் கலப்பு நடந்தது என்று கணக்கிட்டு, ஒரு தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என்று பெருக்குகிறார்கள். மறுசேர்க்கை வீதமும் தலைமுறை நீளமும் இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான தூண்கள். லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனமும் இரண்டிலும் இருக்கிறது. இதனால் முடிவு பிழை என்று ஆகிவிடாது. நான் அதை நம்புகிறேன். ரானிஸ் மனிதர்கள் கலப்பு நடந்து வெகுகாலம் ஆகாதவர்கள், அவர்களிடம் துண்டுகள் நீளமாகவே இருந்தன, அதனால் அங்கே தலைமுறைக் கணக்கில் பிசகினாலும் ஆண்டுக் கணக்கு அதிகம் நகராது. என் சுருக்கத்தில் இவற்றை இரண்டு சாட்சிகள் என்று எழுதாமல், ஒரே அளவுகோலால் இரண்டு தனித் தரவுகளை அளந்தது என்று எழுதியிருக்கிறேன். துண்டு நீளத்தைச் சாராத வேறொரு வழியில் யாராவது இந்தக் காலத்தைக் கணித்தால் அதுதான் மூன்றாவதாக நான் சேர்க்கப்போகும் கட்டுரை.